பினாங்கில் கிளாடிஸ் குடித்த டீ

கோட்டைமேடு, கோயமுத்தூர்
27.1.2025

கிளாடிஸுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா வரவில்லை. உன் நம்பரை ப்ளாக் செய்துவிட்டேன், குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். நம்மோடு பினாங்கு வந்த ஜெயக்கொடியையோ மேக்னாவையோ தூது அனுப்பாதே. போனில் பேசினால் நீ பேசிப் பேசியே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். காலேஜ் நாளிலிருந்து இதே வேலைதான் உனக்கு. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தபால்.

ஊர் திரும்பி இத்தனை நாளாகியும், விமான நிலையத்தில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உங்கள் மூவருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கெடுத்தவள் நீ.

பினாங்கில் அன்று சாயங்காலம் நாங்கள் ஹாஸ்டல் மாடியில் துணி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நீ டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பினாய். திரும்பி வந்து, நம்ம ஊர்க்காரர் கடையைப் பிடித்தேன், காசே வாங்கவில்லை என்று குதித்தாயாம். நான் அப்போது குளிக்கப் போயிருந்தேன். மறுநாள் காலையில் நான் அந்த நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை தெரியும், வாருங்கள் என்று உங்களை அழைத்துப் போனேன். கடை சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? "நேத்து உங்க ஊர் அம்மா ஒருத்தங்க வந்து ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. அவங்க போனதும் பாய் கடையைச் சாத்திட்டுக் குடும்பத்தோட வெளியூர் கிளம்பிட்டாரு." நீ பல்லைக் காட்டிக்கொண்டு, "அது நாந்தானுங்க" என்றாய்.

அந்த பாயின் பெயர் மைதீன் பிச்சை. என்னைப் பெற்றவர். எனக்குப் பதினான்கு வயதில், அம்மாவையும் என்னையும் கைக்குழந்தை ரம்ஷாவையும் விட்டுவிட்டுப் போனவர். சாகவில்லை. அங்கே இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். அவரை நேருக்கு நேர் பார்க்கத்தான் நான் அந்தப் பயணத்தையே போட்டேன். மலை ரயில், சுவர்ச் சித்திரம், கோயில் எல்லாம் உங்களுக்காகச் சேர்த்தவை.

வயசெல்லாம் காத்திருந்ததை நீ ஒரு டீயில் கெடுத்தாய். இதை நான் மறக்கப் போவதில்லை, உன்னையும் மறக்க விடமாட்டேன்.

இஸ்மத்

மேட்டுப்பாளையம்
3.2.2025

அன்புள்ள இஸ்மத்துக்கு,

எனக்குப் பேனா வருகிறது, பார்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அழுகை நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை.

"எங்க அத்தா மௌத்தாயிட்டாரு" என்று காலேஜில் சேர்ந்த முதல் வாரம் என்னிடம் சொன்னவள் நீ. தகப்பனில்லாத பிள்ளை என்று எங்கள் அம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு எடுக்கும்போது உனக்கும் ஒரு துணி எடுத்தார். செத்துப்போனவரிடம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் தைத்துக்கொண்டு உன் பின்னால் வந்திருப்பேன்.

நாலு நாளாக இட்லிப் பொடியும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்படி இருக்கும்போது முன்பின் தெரியாத ஊரில் ஒரு மனுஷன், "ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்ப் பக்கங்களா?" என்று கேட்கிறார். எந்த ஊருங்க, எந்த வீதிங்க, யாரு ஊடுங்க என்று கேட்காமல் டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வர நம் பக்கத்தில் பிறந்த யாராலாவது முடியுமா? அவர் கோட்டைமேடு என்றார். எனக்குத் தெரிந்த கோட்டைமேடு நீதான். வேறு யாரைப் பற்றிப் பேசுவேன்?

எங்களை நீ என்னவென்று நினைத்தாய்? ஜெயக்கொடி பாலி போகலாம் என்றாள். விசா வேண்டாம், தமிழ் பேசுவார்கள், செலவு குறைவு என்று நீதான் பினாங்குக்குத் திருப்பினாய். பை கனம் கூடிவிடும் என்று மூன்று சுடிதாரை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க விமானம் ஏறினோமே, அப்போதும் நாங்கள் உன் சாமான்கள்தான் போலிருக்கிறது.

அதையெல்லாம் கூட விட்டுவிடுவேன். திரும்பும் நாள், விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் நீ சொன்னாயே, அதை விட மாட்டேன். என் மகன் டேவிட்சன் பரீட்சையில் பிட்டோடு மாட்டியதையும், காலேஜில் அவனை வெளியே அனுப்பியதையும் நான் இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஜெயக்கொடியின் அக்கா எங்கள் சர்ச். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். மறுநாளே டேவிட்சன் வீட்டை விட்டுக் கிளம்பி, காந்திபுரத்தில் ஒரு போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என்னோடு பேசுவதில்லை. இஸ்மத் ஆன்ட்டியிடம் சொன்னது நீதானே என்கிறான்.

நான் தெரியாமல் செய்தேன். நீ தெரிந்தே செய்தாய்.

கிளாடிஸ்

கோட்டைமேடு
9.2.2025

கிளாடிஸுக்கு,

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அன்று காலை உனக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்தேன், அந்த இடத்தில் அடித்தேன். கேட்டுக்கொள்.

செத்துப்போனார் என்று ஏன் சொன்னேன்? ஓடிப்போனவரின் மகள் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. அம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. புருஷன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அம்மாவுக்கு முடிவே இல்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காராமல் பின்கட்டிலேயே நின்று, பாத்திரம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

போன வருஷம் ரம்ஷா போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் படம் பிடிக்கிறானே ஒரு பையன், அவன் எடுத்தது. பினாங்கில் சோறும் மீன் குழம்பும் விற்கும் கடை. கரண்டியோடு நிற்கிறவர், "நமக்குக் கோயமுத்தூருங்க" என்று சிரிக்கிறார். ரம்ஷாவுக்கு முகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கல்லாவில் இருபது வயதில் ஒரு பெண். அவள் தோளில் கை வைத்து, "இது என்ற மூத்த பொண்ணு" என்கிறார்.

மூத்த பொண்ணு நான்.

அந்தக் கல்லா முன்னால் நின்று, அவர் மனைவியும் மக்களும் சாப்பிட வந்தவர்களும் கேட்க, இதைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. தனியாகப் போனால் பாதியிலேயே திரும்பிவிடுவேனோ என்று பயந்து உங்களைச் சேர்த்துக்கொண்டேன். கட்டிக் கொண்டுபோன அந்தச் சாமான்களில் ஒன்று வாயைத் திறந்துவிட்டது.

இப்போது நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். எங்களைப் பற்றி நீ சொன்னபோது அந்த ஆள் என்ன செய்தார், என்ன கேட்டார்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

இஸ்மத்

மேட்டுப்பாளையம்
17.2.2025

இஸ்மத்,

எழுத மாட்டேன்.

அவர் கேட்டதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் பையனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேள். அதுவரை ஒரு வார்த்தை கிடைக்காது. வாயாடி என்று பெயரெடுத்தவள்தான் நான். வாயை மூடிக்கொள்ளவும் எனக்குத் தெரியும் என்று நீயே தெரிந்துகொள்.

கிளாடிஸ்

கோட்டைமேடு
8.3.2025

கிளாடிஸுக்கு,

போனேன். நோன்பு வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் காந்திபுரத்தில் கடை கடையாகத் தேடிப் போனேன்.

உன் மகன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து வந்து, "உங்க போன்ல என்ன பிரச்சனைங்க ஆன்ட்டி?" என்றான். பிரச்சனை போனில் இல்லை, என் வாயில் என்றேன். உன் அம்மா மேல் இருந்த கோபத்தை உன் மேல் இறக்கிவிட்டேன், நீ எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நல்லதுதான், நானும் எல்லோர் முன்னாலும்தானே சொன்னேன்.

அவன் மன்னிக்கவில்லை. "சரிங்க ஆன்ட்டி, வெயில்ல நிக்காதீங்க" என்றான். தண்ணீர் கொடுத்தான், அப்புறம் நோன்பு நினைவு வந்து திரும்ப வாங்கி வைத்துக்கொண்டான். உன்னைப் பற்றிக் கேட்டேன், அடுத்த ஆளின் போனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். எழுது.

இஸ்மத்

மேட்டுப்பாளையம்
13.3.2025

அன்புள்ள இஸ்மத்துக்கு,

அவன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். நீ வந்ததைச் சொன்னான். நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான்.

கோட்டைமேட்டில் யாரு ஊடுங்க என்று நான் கேட்டதற்கு அவர் ஏதோ மழுப்பினார். அதனால் நானே ஆரம்பித்தேன். எங்க சிநேகிதி ஊடு அங்கேதானுங்க, ஃபஹீமாம்மா ஊடு, பிளவுஸ் தைப்பாங்களே, அவங்க பொண்ணு இஸ்மத்தும் எங்களோடதான் வந்திருக்கா என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. டீ கீழே கொட்டியது. சுட்டுவிட்டதா என்று கேட்டேன், இல்லை என்றார்.

"அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். கண் மங்கிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் மிஷினை விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். சின்னவளுக்கு ஆகிவிட்டது, பெரியவள் அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டாள் என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது டீ போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, வழக்கப்படி, கோயமுத்தூர் வந்தா எங்க ஊட்டுக்கு அவசியம் வரோணுங்க என்று சொல்லி நம்பரும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நம்பருக்கு நேற்று கூப்பிட்டார், இஸ்மத். இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறாராம். போவதற்கு முன்னால் தான் வருத்தியவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாமே. மனுஷரிடம் தீர்க்காத பாவம் அங்கே போனாலும் தீராது என்று அழுதார். உங்கள் மூவரிடமும் வந்து கேட்க வேண்டுமாம், நீ உள்ளே விடுவாயா என்று கேட்கச் சொன்னார். உங்கள் மார்க்கம் எனக்குத் தெரியாது. கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

கிளாடிஸ்

கோட்டைமேடு
19.3.2025

கிளாடிஸுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா நோன்புக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். நான் கடல் தாண்டிப் போய்ப் பிடிக்க முடியாத மனுஷன் தானாகவே என் வாசலுக்கு வருகிறார். என் கையில் இருப்பது அவருக்கு வேண்டும், எனக்கு அவரிடமிருந்து ஒன்றும் வேண்டாம்.

வரச்சொல். ஒரே ஒரு நிபந்தனை. வருவதற்கு முன்னால் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், அவள் மூத்த பெண் இல்லை என்று தன் வாயால் சொல்லிவிட்டு வரவேண்டும். கடையில் நின்று நான் சொல்ல இருந்ததை அவரே சொல்லட்டும். சொன்னால் மன்னிக்கிறேன்.

அவள் பெயரை எனக்கு எழுதாதே.

இஸ்மத்

மேட்டுப்பாளையம்
9.4.2025

அன்புள்ள இஸ்மத்துக்கு,

நிபந்தனையைச் சொன்னேன். "பாக்கலாமுங்க" என்றார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து உங்கள் வீட்டுக்கு வருகிறார்.

நான் வரட்டுமா? வந்தால் பேசமாட்டேன், ஓரமாக நிற்கிறேன்.

கிளாடிஸ்

கோட்டைமேடு
27.4.2025

கிளாடிஸ்,

நான் பதில் போடாததையே, நீ வரவேண்டாம் என்ற பதிலாகப் புரிந்துகொண்டாய். நல்லது.

வந்தார். வீடியோவில் பார்த்ததைவிட வயதாகிவிட்டது. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் பேரீச்சம்பழப் பெட்டி. ரம்ஷாவும் அவள் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ஒரு நாற்காலி போட்டோம், அவர் உட்காரவில்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்து அவரை ஒரு தரம் பார்த்தார். அம்மா கத்துவார், அழுவார், ஏன் போனீர்கள் என்று கேட்பார் என்று சின்ன வயதிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். அம்மா சொன்னது இவ்வளவுதான். "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. நல்லபடியா போயிட்டு வாங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வாடகைக்குக் குடியிருந்தவரை அனுப்பி வைப்பதுபோல அனுப்பிவிட்டார். அவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று முகத்தில் தெரிந்தது. ரம்ஷா அழுதாள், தலையாட்டிவிட்டாள். அவளுக்கு அவர் யாரோ ஒருவர்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும் பொறுத்துக்க கண்ணு" என்றார்.

அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். ஹஜ் முடிந்து வந்ததும் அவளுக்குக் கல்யாணமாம், பெரிய இடமாம், இப்போது தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடுமாம். அவள் பாவம், அவளை விட்டுவிடு என்றார். தகப்பன் ஓடிப்போன வீடு என்று எனக்கு வந்த சம்பந்தங்கள் எத்தனை திரும்பிப் போயின என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

"அப்ப என்னோடது எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றேன்.

அவர் அழுதார். காலைத் தொட வந்தார், நகர்ந்துகொண்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஒரு தரம், "இஸ்மத்து" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. ஹஜ்ஜில் எல்லோரும் சேர்ந்து தொழுகிற அந்தப் பெரிய மைதானத்தில் நிற்கும்போது, ஒருத்தி மன்னிக்கவில்லை என்ற நினைப்போடு நிற்கட்டும்.

ஆனால் கிளாடி, நான் நினைத்த சந்தோஷம் வரவில்லை. அவர் அந்தப் பேரீச்சம்பழத்தை மறந்தாற்போல வைத்துவிட்டுப் போய், ஊருக்குத் திரும்பி, கல்லா பக்கத்தில் நின்று மறுபடி சிரிப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இஸ்மத்

மேட்டுப்பாளையம்
30.4.2025

அன்புள்ள இஸ்மத்துக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

நான்தானே வரச்சொன்னேன். எங்க வீட்டுக்காரர் தேவானந்தம் பாக்கு மண்டிக்குப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இஸ்மத்து கேக்குமுங்க அம்மணி என்று கைகூப்பினார். வேர்த்து வழிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். இஸ்மத், என் வீட்டு வாசலுக்கு வந்த யாரையும் நான் வாங்க என்று கூப்பிடாமல் விட்டதில்லை. கரண்ட் பில் எழுத வருகிறவருக்கும் மோர் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். அன்று கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வாங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் வேணுமா என்றும் கேட்கவில்லை. "அவ சொன்னது சரிங்க, நீங்க கிளம்புங்க" என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை தாழ்ப்பாளை விடவில்லை.

இன்னொன்று உனக்குத் தெரியவேண்டும். மார்ச்சில் உன் நிபந்தனையைச் சொல்ல நான் அவருக்குக் கூப்பிட்டபோது, முதலில் எடுத்தது கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்தான். அத்தா தொழப் போயிருக்காங்க ஆன்ட்டி என்றாள். அத்தாவின் ஊர்க்காரி என்றதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் தன் சொந்த நம்பரைக் கொடுத்தாள். இப்போது தினமும் ஏதாவது அனுப்புகிறாள். கல்யாணப் புடவை, மருதாணி வடிவம், எது நல்லா இருக்கு ஆன்ட்டி என்று கேட்கிறாள். அவருக்கு இது தெரியாது.

நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ சொல்ல நினைத்ததை நான் இங்கே உட்கார்ந்துகொண்டே அவளிடம் சொல்லிவிடலாம். என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரி செய்துவிடுகிறேன். சொல்லவா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன்.

கிளாடிஸ்

கோட்டைமேடு
4.5.2025

அன்புள்ள கிளாடிஸுக்கு,

அவளிடம் ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு நல்ல மருதாணியாகப் பார்த்துச் சொல். அவள் கல்யாணம் அவள் ஆசைப்படி நடக்கட்டும். எனக்கு நடந்தது அவளுக்கு நடக்க வேண்டாம்.

அவருக்குப் போன் போடு. அவர் மகளும் நீயும் தினமும் பேசிக்கொள்கிறீர்கள் என்று மட்டும் சொல். இஸ்மத்துக்கும் அது தெரியும் என்று சொல். கோபமாகச் சொல்லாதே, நீ எப்போதும் பேசுகிற மாதிரி, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா என்று விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொல். அவர் ஏதாவது கேட்டால், "பாக்கலாமுங்க" என்று சொல்லி வைத்துவிடு. உனக்கு வாய் நிற்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

உன் நம்பர் மேல் இருந்த ப்ளாக்கை எடுத்துவிட்டேன். அவரிடம் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடு, ஒரு வார்த்தை விடாமல் சொல். டேவிட்சனிடம் என் போன் நிஜமாகவே கெட்டுப்போயிருக்கிறது, வருகிறேன் என்று சொல்.

அவர் போன பிறகு பல வருஷம், சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மாவும் நானும் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்போம். வேறு யாராவது வருவார்கள், மறுபடி குனிந்து தைப்போம். இனி அந்தப் பெண்ணின் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்க்கட்டும்.

இஸ்மத்